இறுகிய பஞ்சு

கராஜிலிருந்து இருமல் சத்தம் வந்ததும் கிரிஜா அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். சளி இருமல் இல்லை. மிளகாய் வறுக்கும்போது தெரியாமல் பக்கத்தில் வந்து நின்றவர்கள் இருமுவார்களே, அந்த இருமல். இரண்டு வாரமாக இதே பாட்டுத்தான். முதலில் ஓரிரண்டு இழுப்பு அமைதியாகப் போகும். அடுத்ததில் தொண்டை எரிந்து இருமுவார் மகாதேவன். பிறகு கருவியை மேசையில் வைக்கிற சத்தம் கேட்கும், கொஞ்சம் கோபமாகவே.

"என்னங்க, மறுபடியுமா?" என்று சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்ல. ட்ரை ஹிட்டு. குளிருக்கு லிக்விட் கெட்டியாயிடுச்சு போல."

குவேக்கர்ஸ் ஹில்லில் அந்தத் தெருவில் இருக்கிற மாமிகளில் ட்ரை ஹிட் என்றால் என்னவென்று தெரிந்தவள் கிரிஜா ஒருத்தியாகத்தான் இருக்கும். மகாதேவனின் வேப், அதாவது சிகரெட்டுக்குப் பதிலாக ஆவி இழுக்கிற மின்கருவி, உறிஞ்சிவிட்டுத் தூக்கி எறிகிற ரகம் இல்லை. நாமே பழுது பார்த்து நாமே கட்டிக்கொள்ள வேண்டிய ரகம். தலையைத் திருகித் திறந்தால் உள்ளே பேனா ஸ்பிரிங் போல ஒரு சின்னக் கம்பிச்சுருள் இருக்கும். அதன் நடுவே பஞ்சை நுழைத்து, இரண்டு பக்கத்து வாலையும் மடித்துக் கீழே விட வேண்டும். பஞ்சு திரவத்தைக் குடித்து மேலே ஏற்றும். பொத்தானை அழுத்தினால் சுருள் சூடாகி அதை ஆவியாக்கும். பஞ்சு ஈரமாக இருக்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை. காய்ந்துவிட்டால் ஆவிக்குப் பதிலாகக் கருகிய பஞ்சின் புகைதான் தொண்டையில் இறங்கும். அதுதான் ட்ரை ஹிட்.

இதையெல்லாம் அவள் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. போன குளிர்காலத்தில் மகாதேவன் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கல்லூரி ஹாஸ்டலில் பிடிக்க ஆரம்பித்த சிகரெட் ஐம்பது வயதுவரை கூடவே வந்து நுரையீரலை ஒரு வழி பண்ணியிருந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இனி சிகரெட்டைத் தொட்டு, இன்னொரு முறை இப்படி வந்து படுத்தால், எழுந்து வீட்டுக்குப் போவார் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். கட்டிலருகே நின்ற கிரிஜா அதையே இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அவள் பிளாக்டவுனில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். அடுத்தவர் நோயைப் பார்த்துக் கலங்கி நிற்கிற ஆளில்லை. ஆனால் இது அடுத்தவர் இல்லையே.

அதற்கு முன் மனிதர் நாலு தடவை சிகரெட்டை விட்டிருக்கிறார். நாலு தடவையும் அந்த நினைப்பே இல்லை என்று சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டே மறுபடி ஆரம்பித்திருக்கிறார். ஐந்தாவது தடவைக்கு இந்த வேப் வந்தது. கருவி எங்கிருந்து வந்தது என்று கிரிஜா கேட்கவில்லை. திரவம் மட்டும் டாக்டர் சீட்டோடு மருந்துக்கடையில் வாங்குவார். மூத்தாளை விரட்டிவிட்டு இளையாளைக் கூட்டி வந்த கதைதான் என்று அவளுக்கு உள்ளுக்குள் எரிச்சல். இருந்தாலும் மூத்தாள் கொல்ல வந்தவள், இளையாள் வெறும் தொல்லை. "வீட்டுக்குள்ள அது வரக்கூடாது" என்று ஒரே ஒரு கட்டளையோடு விட்டுவிட்டாள்.

அது வரக்கூடாது என்றால் அவரும் வர மாட்டார் என்பதை அவள் யோசிக்கவில்லை. மகன் சித்தார்த் வேலை கிடைத்து மெல்பர்னில் பொயிண்ட் குக் பக்கம் போய்விட்டான். மீதி இருப்பது இரண்டு பேர். அதிலும் ஒருவர் சாப்பிட்ட கையோடு கராஜுக்குப் போய்விடுவார், மற்றவள் டிவி முன்னால் உட்காருவாள். மாதங்கள் இப்படியே போயின. சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை போடக்கூட ஆள் பக்கத்தில் இருக்க வேண்டுமே.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கராஜில் ஏதோ உருண்டு விழுந்து, தமிழில் ஒரு நல்ல கெட்ட வார்த்தை கேட்டது. கிரிஜா எட்டிப் பார்த்தாள். மகாதேவன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றுவதும் இறக்குவதுமாக, சுருளுக்குள் பஞ்சை நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தார். வெள்ளெழுத்து நன்றாக முற்றியிருந்தது. பஞ்சு ஒரு பக்கம் போனால் அவர் விரல் ஒரு பக்கம் போயிற்று.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும்? "இப்படிக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணுக்கே தெரியாத நரம்பைத் தொட்டுப் பார்த்து ஊசி இறக்குகிற கை அது. இந்தப் பஞ்சு எம்மாத்திரம்! வெள்ளிக்கிழமை விளக்குக்கு அவள் எப்போதும் தானேதான் திரி திரிப்பாள். கடைத்திரி பிசிறடிக்கும் என்று தொடவே மாட்டாள். அதே நேர்த்தியோடு இதையும் பிரித்து, உள்ளங்கையில் உருட்டி, இரண்டு விரலால் முறுக்கி, சுருளுக்குள் செலுத்தினாள். விரலில் விபூதி தொட்டுக்கொள்ளாதது ஒன்றுதான் குறை.

மகாதேவன் திரவத்தை விட்டு, ஊறவைத்து, ஒரு இழுப்பு இழுத்தார். வெள்ளையாக ஆவி வந்தது.

"பிரமாதம் கிரிஜா. கடைக்காரன்கூட இப்படிப் போட மாட்டான்."

அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். சித்தார்த்தின் புது வீட்டைப் பற்றி, அவளிடம் ரத்தம் கொடுக்க வந்து மயங்கி விழுந்த ஆறடி ஆளைப் பற்றி. மகாதேவன் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து பஞ்சு மாற்றுவது அவள் பொறுப்பு. சாயங்காலம் வேலை விட்டு வந்தால் காபியை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போவது வழக்கமாயிற்று. பஞ்சு மாற்ற வேண்டாத நாளிலும் போனாள்.

இருமலும் அன்றிலிருந்துதான். ஆனால் கிரிஜாவுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அவள் முன்னால் அவர் ஓரிரண்டு இழுப்புக்கு மேல் இழுப்பதில்லை. அந்த ஓரிரண்டும் நன்றாகவே போயின. தவிர, தினம் ஒரு காரணம் சொன்னார். அலுவலகத்தில் அவர் வேலையே மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவர் வேதம். ஒரு நாள் சூடு குறைய வாட்டைக் குறைத்தார். ஒரு நாள் சுருளை மாற்றினார். ஒரு நாள் காற்று வருகிற துளையைப் பாதி அடைத்தார். திரவப் பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி, எண்ணெய்க் குளியலுக்குத் தயார் செய்வதுபோல் சூடாக்கினார். எதற்கும் கருகல் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து கிரிஜா ரயிலை விட்டு இறங்கியபோது மகாதேவன் காரோடு காத்திருந்தார். அந்தக் குளிரில் நாலு ஜன்னலும் இறங்கியிருந்தன. வாயில் புதினா மிட்டாய். கிரிஜா கதவைச் சாத்தும்போது கதவுப் பையில் ஒரு புது லைட்டரைப் பார்த்தாள். வேப்புக்கு லைட்டர் வேண்டாம்.

"இது எதுக்குங்க?"

"அதுவா, உன் விளக்குக்குத்தான். தீப்பெட்டி நமுத்துப் போகுதுன்னு சொன்னியே."

அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. வீட்டில் தீப்பெட்டி நன்றாகவே பற்றிக்கொள்கிறது. அவள் லைட்டரை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அதே பையில் வைத்தாள். கோபம் கொஞ்சம்தான், பயம்தான் அதிகம். ஆஸ்பத்திரிக் கட்டிலும் அந்த ஆக்சிஜன் குழாயும் கண்முன் வந்து நின்றன. கருகல் நிற்காவிட்டால் இந்த மனிதர் சிகரெட்டுக்கே போய்விடுவார், அல்லது போய்விட்டார். வேப் ஒழிந்தால் நல்லது என்று மாதக்கணக்கில் நினைத்தவள், அந்தப் பாழாய்ப் போன கருவி சரியாக வேண்டுமே என்று அன்று ராத்திரி பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளையாருக்கு இப்படி ஒரு விண்ணப்பம் அதற்கு முன் போயிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை மகாதேவன் குளிக்கப் போன நேரம் பார்த்து இரண்டு வீடு தள்ளி இருக்கும் கொட்பிறியிடம் போனாள். கொட்பிறியும் மனைவி டிலக்சியும் மன்னார்க்காரர்கள். அவனுக்கு விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. அவனும் சிகரெட்டை விட்டு இதே மாதிரிக் கருவிக்கு வந்தவன். மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் தன் கராஜில் எதையோ குடைந்துகொண்டிருந்தான்.

"வாங்கோ அக்கா, இந்தக் கதிரையில இருங்கோ. டிலக்சி இப்பதான் கடைக்குப் போனவ."

"டிலக்சிய இல்ல, உங்களத்தான் பாக்க வந்தேன்" என்றாள் கிரிஜா. "அவருக்கு ரெண்டு வாரமா ட்ரை ஹிட் வருது. என்னென்னமோ மாத்திப் பாக்கறார், நிக்கல. திரும்ப சிகரெட்டுக்குப் போயிடுவாரோன்னு பயமா இருக்கு."

கொட்பிறி கையிலிருந்ததைக் கீழே வைத்தான். "வாட் குறைச்சுப் பாத்தவரோ?"

"பாத்தார்."

"கொயில், அந்தச் சுருள்?"

"புதுசு."

"லிக்விட்டைச் சூடாக்கி?"

"குளிப்பாட்டியே விட்டார்."

"அப்ப பஞ்சுதான் அக்கா. வேற ஒண்டும் இல்ல. பஞ்சு ஆர் போடுறது?"

"நான்தான்" என்றாள் கிரிஜா, கொஞ்சம் நிமிர்ந்து.

அவன் தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு பஞ்சைக் கிள்ளிக் கொடுத்து, போடுவதுபோல் செய்து காட்டச் சொன்னான். கிரிஜா பிரித்தாள், உருட்டினாள், முறுக்கினாள். கொட்பிறி அதை வாங்கி இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தான். சிரிப்பை அடக்கத்தான் பார்த்தான், முடியவில்லை.

"ஐயோ அக்கா, இது கயிறெல்லோ! கிணத்தில தண்ணி அள்ளலாம். இப்பிடி முறுக்கினா லிக்விட் எப்பிடி ஏறும்?"

"முறுக்கினாத்தானே திரி நின்னு எரியும்?"

"விளக்குத்திரி எரியவேணும் அக்கா. இது எரியக்கூடாது, குடிக்கவேணும். பஞ்சை அப்பிடியே மிருதுவா, காத்தோட்டமா விடவேணும். கொயிலுக்குள்ள இழுக்கேக்க லேசாப் பிடிக்கிற மாதிரி இருந்தாப் போதும். வாலையும் சீவி மெல்லிசா ஐதாக்கவேணும். உங்கட பஞ்சில ஊறவைச்ச ஈரம் ரெண்டு இழுப்புக்குத்தான் வரும். அதுக்குப் பிறகு கருகல்தான்."

கிரிஜாவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. இரண்டு வாரமாக அந்த மனிதர் தொண்டையைக் கருக்கியது தன் கை. பத்து பேர் முன்னால் நரம்பைத் தவறவிட்டதுபோல் வெட்கமாக இருந்தது.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று பேச்சை மாற்றக் கேட்டாள்.

"வேற ஆர், மகாதேவன் அண்ணைதான் சொல்லித் தந்தவர். நானும் துவக்கத்தில இறுக்கித்தான் போட்டனான். அண்ணை ஒரு இழுவை இழுத்தார், அவ்வளவுதான். பஞ்சு இறுக்கம் எண்டு உடன சொல்லிப்போட்டார். அவருக்குத் தெரியாததே?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது கொட்பிறிக்கு உறைத்தது. தலையைச் சொறிந்தான். கிரிஜா எழுந்தாள்.

"சரி, நான் வர்றேன்."

"அக்கா, அண்ணையோட கோவிக்காதேங்கோ."

கோவிக்காமல்? இரண்டு வீடு தூரம் நடப்பதற்குள் அவளுக்கு எல்லாம் கோத்துக்கொண்டு வந்தது. வாட், சுருள், காற்றுத்துளை, திரவம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தவர் பஞ்சை மட்டும் தொடவே இல்லை. பிழை எங்கே இருக்கிறது என்று முதல் நாளே தெரிந்தவர், அதைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் தேடிக் காட்டியிருக்கிறார்.

மகாதேவன் குளித்துவிட்டுக் கராஜ் கதவைத் திறந்து வைத்து வெயிலில் உட்கார்ந்திருந்தார். கருவி மேசைமேல் இருந்தது. கிரிஜா நேராகப் போய் அதை எடுத்தாள், திருகினாள், தான் போட்ட பஞ்சைச் சின்ன இடுக்கியால் பிடுங்கி அவர் முன்னால் வைத்தாள். நடுவில் கன்னங்கரேல் என்று இருந்தது.

"இது இறுக்கம்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

மகாதேவன் பஞ்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கொட்பிறிகிட்ட போனியா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து."

"தெரிஞ்சும் ஏன் வாயத் தொறக்கல? பிரமாதம், பிரமாதம்னு எதுக்குச் சொன்னீங்க?"

அவர் துண்டால் காதைத் துடைத்தார், துடைத்த காதையே மறுபடி துடைத்தார். "சொன்னா நீ விட்டுட்டுப் போயிடுவேன்னு நெனச்சேன். எத்தன மாசம் இங்க நான் ஒருத்தனே உக்காந்திருந்தேன். நீயா வந்து உக்காந்த. இது சரியில்ல, அது சரியில்லன்னு எப்படிச் சொல்றது? நானே ரெண்டு தரம் பிரிச்சுப் போடப் பாத்தேன். கண்ணு தெரியாம கம்பி வளஞ்சு போச்சு."

கிரிஜாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே அவர் தலையில் நாலு போட வேண்டும் போலவும் இருந்தது. இவ்வளவு பிரியத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு மடத்தனமும் செய்ய இந்த மனிதரால்தான் முடியும்.

"என் மனசு நோகக்கூடாதுன்னு உங்க நெஞ்சக் கருக்குவீங்களா? நீங்க போயிட்டா நான் யார் பக்கத்துல உக்காருவேன்? சிகரெட் பிடிச்சீங்களா?"

"கிரிஜா..."

"பிடிச்சீங்களா இல்லையா?"

"வியாழக்கிழமை ஒண்ணு. வெள்ளிக்கிழமை ஒண்ணு. நீ ரயில்லேர்ந்து வர்றதுக்கு முன்னாடி."

அவள் தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். பயந்தது நடந்தேவிட்டது. கத்தலாம், அழலாம், எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். மூன்றுக்கும் உரிமை இருந்தது. ஆனால் எழுந்து போனால் அவர் இங்கே மறுபடி தனியாக இருப்பார். மூன்றாவது சிகரெட் அந்தத் தனிமையில்தான் பற்றிக்கொள்ளும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

மேசைமேல் இருந்த பஞ்சு உறையை இழுத்தாள்.

"எப்படிப் போடணும்னு சொல்லுங்க. பிரமாதம்ங்கற வார்த்த மட்டும் உங்க வாயிலேர்ந்து வரக்கூடாது."

முதலில் எடுத்த பஞ்சைப் பார்த்து மகாதேவன் தயங்கினார். அவள் முறைத்தாள். "ஜாஸ்தி" என்றார். அவள் பாதியைப் பிய்த்துப் போட்டாள். கை பழக்கத்தில் தானாக முறுக்கப் போயிற்று. "முறுக்காத" என்றார், இம்முறை தயங்காமல். சுருளுக்குள் இழுத்தாள். "சுருள் அசையுது பாரு, இன்னும் இறுக்கம்தான். எடுத்துடு." எடுத்தாள். மறுபடி போட்டாள். வாலைச் சீவினாள். "ஓரத்துல அமுக்காத, சும்மா படுக்க வை." இத்தனை வருடத்தில் இந்த மனிதர் அவளை இத்தனை குறை சொன்னதில்லை. ஒவ்வொரு குறைக்கும் அவளுக்கு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இலகுவாகிக்கொண்டு வந்தது ஏன் என்று அவளுக்கே புரியவில்லை.

திரவத்தை விட்டு ஊறவைத்தார்கள். மகாதேவன் இழுத்தார். இரண்டு போயிற்று, மூன்று போயிற்று, நாலாவதும் போயிற்று. இருமல் வரவில்லை. புதினா வாசனையோடு வெள்ளை ஆவி கராஜ் வாசலைத் தாண்டி வெயிலில் கரைந்தது.

"கருகுதா?"

"இல்ல. நல்லாயிருக்கு. நெஜமாவே நல்லாயிருக்கு."

"அப்போ இனிமே சிகரெட் வேணாம்ல?"

மகாதேவன் வாயைத் திறந்தார். கிரிஜா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமான அந்தச் சிரிப்பு உதட்டில் பாதி வந்து அப்படியே நின்றது. கருவியை மேசையில் வைத்தார்.

"வேணும்" என்றார் மெதுவாக. "இப்போகூட வேணும்போல இருக்கு, கிரிஜா. பாக்கெட் கார் டிக்கியில இருக்கு. காலைலேர்ந்து அதே நெனப்புதான்."

இப்படி ஒரு வார்த்தையை அவர் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை என்பது கிரிஜாவுக்குத் தெரிந்தது. கார் சாவி அவள் பக்கத்திலேயே ஆணியில் தொங்கியது. அவள் அதை எடுக்கவில்லை.

"அந்த நெனப்பு எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று கேட்டாள்.

"தெரியல. அதுவா போகட்டும்னு இதுவரைக்கும் உக்காந்து பாத்ததில்ல."

கிரிஜா ஸ்டூலை அவர் நாற்காலியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

"சரி, பாப்போம்" என்றாள்.